ஹீட்டரில் சூடு வரவில்லை: தெர்மோஸ்டாட்டா, கழுவலா, டேஷ்போர்டைக் கழற்றுவதா?

டொரொன்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் ஒரு ஜனவரிக் காலை, வெளியே மைனஸ் 18. காரின் முன்கண்ணாடி உள்பக்கமும் உறைந்து கிடந்தது. வெளியே சுரண்டத்தான் எல்லார் காரிலும் பிரஷ் இருக்கிறது. உள்ளே சுரண்ட எனக்குக் கிடைத்தது நூலக அட்டை. சுரண்டச் சுரண்ட என் மூச்சுக் காற்றே போய் மறுபடி அங்கே உறைந்தது. ஹீட்டர் குமிழ் சிவப்பின் கடைசிக் கோட்டில் நிற்கிறது, விசிறி முழு வேகத்தில் இரைகிறது, வருவதெல்லாம் சில்லென்ற காற்று. கரூரில் கார் ஓட்டப் பழகியவனுக்கு அந்தச் சிவப்புக் கோடு வெறும் அலங்காரம். இங்கே அது இல்லாமல் பாதை தெரியாது.

அந்த வாரத்தில் மூன்று யோசனைகள் வந்தன. எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்று என்றார் மிசிசாகாவில் இருக்கும் மச்சான். ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்றி மாற்ற 1,400 டாலர் என்றது வீட்டுப் பக்கத்து கராஜ். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் குட்டி ஹீட்டர் ஒன்றை வாங்கிக்கொள் என்றார் அலுவலக நண்பர். கடைசியாக நான் போய்ப் பார்த்த யாழ்ப்பாணத்து மெக்கானிக் அண்ணன் மட்டும் யோசனை எதுவும் சொல்லவில்லை. "தம்பி, ஹீட்டருக்குப் போற ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

பெட்ரோல் காரில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கப் போய்ச் சூடாகி வரும் கூலன்டில் கொஞ்சத்தை, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்கு அனுப்புகிறார்கள். அதுதான் ஹீட்டர் கோர். விசிறி அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். ஆகவே சூடு வராததற்கு மூன்றே வழிதான்: எஞ்சின் சூடாகவில்லை, சூடான கூலன்ட் கோருக்குள் ஓடவில்லை, அல்லது கோர் சூடாக இருந்தும் காற்று அதன் வழியே போகவில்லை. (காற்றே வராவிட்டால் அது விசிறி மோட்டார் சமாசாரம், இந்தக் கதையில் சேராது.)

பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பானெட்டைத் திறந்தோம். எஞ்சினிலிருந்து கேபின் பக்கத்துத் தகட்டுக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்கள். ஒன்றைத் தொட்டால் கையைச் சட்டென்று எடுக்க வேண்டியிருந்தது. மற்றது ஆறிப்போன டீ டம்ளர் மாதிரி. தொடும்போது சட்டைக் கை, கழுத்துத் துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் நிற்கும் 90 டிகிரிக்கு மேற்பட்ட திரவம்.

இந்தத் தொடுகை சொல்லும் சேதி இது. இரண்டும் கொதித்தால் கோரில் பிழையில்லை; காற்றைத் திருப்பிவிடும் உள்கதவோ அதை அசைக்கும் சின்ன மோட்டாரோ மாட்டிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டுக்குள் டக் டக் சத்தமும், ஓட்டுநர் பக்கம் சூடு, பக்கத்து இருக்கையில் குளிர் என்பதும் அதன் அடையாளம். இரண்டும் ஆறியிருந்தால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அல்லது ஹோஸில் வால்வு வைத்த கார்களில் அந்த வால்வு. ஒன்று கொதித்து மற்றது ஆறியிருந்தால் கோருக்குள் அடைப்பு. என்னுடையது அதுதான்.

மச்சான் சொன்னதும் மோசமான யோசனை இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றி வந்து எஞ்சினைச் சூடாகவே விடாது. உதிரி மலிவு, பல கார்களில் ஒரு மணி நேர வேலை. ஆனால் அதற்கு அடையாளம் வேறு: ஹைவேயில் ஏறியதும் டெம்பரேச்சர் முள் கீழே இறங்கும், செக் எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0128 என்ற குறி வரலாம். என் காரில் முள் நட்டநடுவில் ஆடாமல் நின்றது. கூலன்ட் குறைந்து காற்று புகுந்திருந்தால் சிக்னலில் நிற்கும்போது குளிரும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடும் மாறி மாறி வரும். டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்கும். என் காரில் அதுவும் இல்லை.

சாக்கெட் ஹீட்டரைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. 12 வோல்ட், 15 ஆம்பியர் ஃபியூஸ்: அதிகபட்சம் 180 வாட். தலைமுடி உலர்த்தும் கருவியே 1,500 வாட் எடுக்கும். காரின் சொந்த ஹீட்டர் கொடுப்பதோ பல ஆயிரம் வாட். விரல் நுனி சூடாகும், கண்ணாடி சூடாகாது.

ஆக, உண்மையான போட்டி கோரைக் கழுவுவதற்கும் மாற்றுவதற்கும்தான்.

மாற்றுவது என்றால் புதுக் கோரின் விலை பெரிதில்லை, கூலிதான் பில்லை ஏற்றுகிறது. பல கார்களில் ஸ்டியரிங் தண்டை இறக்கி, ஏர்பேக் இணைப்புகளைப் பிரித்து, டேஷ்போர்டு முழுவதையும் வெளியே எடுத்தால்தான் கோர் கண்ணில் படும். சிலவற்றில் ஏசி வாயுவையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். நாள் முழுக்க ஓடும் வேலை. அண்ணனுக்கு வேறொரு கவலையும் இருந்தது: "ஒருக்கா கழட்டின டாஷ்போட் பிறகு சும்மா இராது, குளிர் வந்தா கிறீச் கிறீச் எண்டும்." சில கார்களில் மட்டும் காலருகே பக்கத் தகட்டை எடுத்தால் கோர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்படியானால் கணக்கே மாறும். அதனால் விலை கேட்கும் முன், என் காரில் டேஷ்போர்டை எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கழுவுவது மலிவு, ஆனால் உத்தரவாதம் இல்லை. இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலன்ட் வெளியேறும் பக்கத்திலிருந்து எதிர்த் திசையில் தண்ணீர் விட வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். பழைய கோர் வேகத்தைத் தாங்காது. குளிர்காலத்தில் இதை வீட்டு வாசலில் செய்ய முடியாது. வெளிக் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அதை உள்ளிருந்தே அடைத்துவைக்கும் ஊர் இது. அண்ணனின் கராஜுக்குள் வெந்நீர்க் குழாயில் செய்தோம். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு காபி நிறத்தில் ஒரு தூவல், அப்புறம் பிசின் போன்ற துணுக்குகள். முன்பு இந்தக் காரை வைத்திருந்தவர் கசிவை நிறுத்தும் பொடியைப் போட்டிருக்க வேண்டும் என்றார் அண்ணன். கசிவை அடைக்கும் பொருள் கோரின் மெல்லிய துளைகளையும் அடைக்கும். திசையை மாற்றி மாற்றி விட்டதில் அரை மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது.

சிலர் அமிலக் கலவை ஊற்றினால் சீக்கிரம் கரையும் என்பார்கள். இன்றைய கோர்கள் பெரும்பாலும் அலுமினியம். அமிலம் அடைப்போடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும். வெந்நீருக்கு அசையாததை அமிலத்தால் அசைக்கப் போய், கார்ப்பெட் நனைவதுதான் மிச்சம்.

குளிர்காலக் கழுவலில் மறக்கக் கூடாத ஒன்று உள்ளே தங்கும் தண்ணீர். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 வரை உறையாது. வெறும் தண்ணீர் அன்று இரவே உறைந்து கோரைப் பிளந்துவிடும். மெல்லிய காற்றால் ஊதி வெளியேற்றிவிட்டு, கார்க் கையேட்டில் சொன்ன ரகக் கூலன்டையே ஊற்றினோம். நிறம் ஒன்றாக இருப்பதால் ரகமும் ஒன்று என்று நம்பக் கூடாது. பிறகு காற்றுக் குமிழிகள் போகும்வரை மூக்கு உயரும்படி காரை நிறுத்தி ஓடவிட்டோம். இறக்கிய பழைய கூலன்டை வாளியில் பிடித்து நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்தேன். அது இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும்.

இவை தவிர கோரையே விட்டுவிட்டு இரண்டு ஹோஸையும் நேராக இணைத்துவிடும் பைபாஸும் உண்டு. கோர் ஒழுகி நடுவழியில் நின்றவருக்கு வீடு சேர அது உதவும். கனடாவில் கண்ணாடி உறைபனியைப் போக்கும் வசதி காரில் இருக்க வேண்டும் என்று தனி விதியே உண்டு, மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103-ஆம் எண். எனவே பைபாஸோடு ஒரு குளிர்காலத்தைத் தள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவர் காரில் நான் ஏற மாட்டேன்.

கழுவியதும் இரண்டு ஹோஸும் ஒரே மாதிரி சுட்டன. 401 ஹைவேயில் ஏறுவதற்குள் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. செலவு, கூலன்டும் கூலியும் சேர்த்து 160 டாலர். ஆனாலும் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்: பழைய கோரில் அடைப்பு போனால் கசிவு தலைகாட்டலாம், இரண்டு வாரம் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும், கார்ப்பெட்டைத் தடவ வேண்டும், கண்ணாடியில் இனிப்பு வாடையோடு எண்ணெய்ப் படலம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். பார்த்தேன். கோடு இறங்கவில்லை, கார்ப்பெட் காய்ந்தே இருந்தது. இறங்கியிருந்தால் அந்த 1,400 டாலர் கராஜுக்கே முனகாமல் போயிருப்பேன்.