முறைப்பாடா, முகத்துக்கு நேரே பதிலா?

"படுவான்கரையா? பேச்சிலேயே தெரியுது." மட்டக்களப்புப் பக்கத்துக் கம்பஸ் கன்டீனில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமத்துப் பிள்ளையைப் பார்த்து இப்படிச் சொல்வது காதில் விழும். தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்துப் பிள்ளையிடம், "உங்கட அம்மாவும் கொழுந்தா எடுக்கிறா?" என்பார்கள். சொன்னவர் சிரித்துவிட்டுப் போவார். கேட்டவருக்குச் சோறு இறங்காது.

இப்படி ஊரையும் பிறப்பையும் வைத்துக் குத்தினால், எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். மிரட்டல், பகிடிவதை என்றால் தயங்கவே கூடாது. பகிடிவதையைத் தடை செய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில், மனவேதனையும் அச்சமும் உண்டாக்குவதும்கூட அடங்கும். இன, மத வெறுப்பைத் தூண்டினால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ICCPR சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) இருக்கிறது. ஆனால் அது யார்மீது பாயும் என்பதுதான் என் பயம். 2019இல் எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தில் கைதாகி, மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுரிமையை 15ஆம் உறுப்புரை இன, மத இசைவின் பேரில் மட்டுப்படுத்த இடம் விடுகிறது. அந்தக் கதவைச் சின்னக் குத்தல் பேச்சுக்கெல்லாம் திறந்தால், நாளைக்கு நம் வாயும் அடைபடும்.

அதனால் கன்டீன் பேச்சுக்கு அங்கேயே பதில் சொல்வதுதான் எனக்குச் சரி. "ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?" என்று அமைதியாகக் கேட்டால் போதும், பலர் தடுமாறிப்போவார்கள். முதலாம் வருடப் பிள்ளை சீனியரிடம் இப்படிக் கேட்க முடியாது, உண்மைதான். அப்போது கேட்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் இன்னொரு சீனியர். அவரும் பேசாமல் இருந்து, அதே ஆள் அதே பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சீண்டினால், திகதி போட்டு எழுதி வைத்து முறைப்பாட்டுக்குப் போங்கள்.