4 ஜிபி மடிக்கணினியில் எம்ஜிஎல்ஆர்யு: இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

பழைய 4 ஜிபி ரேம் மடிக்கணினியில் லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். பிரவுசரில் பத்து டேப், பின்னால் ஒரு கம்பைல், திடீரென்று மவுஸ் அம்பு உறைந்துபோகும், டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரியும், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. ஸ்வாப்பை (ரேம் நிரம்பினால் டேட்டாவைத் தள்ளிவைக்க டிஸ்கில் ஒதுக்கும் இடம்) எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி எடுத்தேன், இன்னும் மோசமானது. ஏன் என்பது பிறகுதான் உறைத்தது. ஸ்வாப் இல்லையென்றால் புரோகிராம்களின் டேட்டாவை வெளியே தள்ள கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) இடமில்லை, டிஸ்கில் ஏற்கெனவே பிரதி இருக்கும் பக்கங்களைத்தான் (ரேமின் சிறு துண்டுகள்) தூக்கி எறிய முடியும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோடும் (code) அந்தக் கணக்கில்தான் வருகிறது. எறிந்த மறுநொடியே அதைத் திரும்பப் படிக்க வேண்டும், அவ்வளவுதான், டிஸ்க் மூச்சுத் திணறும்.

அப்புறம்தான் எம்ஜிஎல்ஆர்யு (மல்டி-ஜென் எல்ஆர்யு) பக்கம் வந்தேன், ரேம் நிரம்பும்போது எந்தப் பக்கங்களை வெளியேற்றுவது என்று கர்னல் முடிவெடுக்கும் புதிய முறை இது. கூகுளில் இருந்த யூ ஜாவோ எழுதியது, 2022 டிசம்பரில் வந்த 6.1 கர்னலில் சேர்ந்தது. பழைய முறையில் ஆக்டிவ், இன்ஆக்டிவ் என்று இரண்டு பட்டியல்தான். இது பக்கங்களைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கி, மூத்ததிலிருந்து கழிக்கிறது. முன்பெல்லாம் டாப் கமாண்டில் கேஸ்வாப்டி (பக்கங்களை வெளியேற்றும் கர்னல் வேலையாள்) உச்சியிலேயே குந்தியிருக்கும். இப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

ஆனால் எனக்கு உண்மையில் பிடித்தது மின்_டிடிஎல்_எம்எஸ் என்ற சின்ன செட்டிங். அதில் 1000 என்று போட்டால், கடைசி ஒரு நொடியில் புழங்கிய பக்கங்களில் கர்னல் கைவைக்காது. அதைக் காப்பாற்ற முடியாத அளவுக்கு நெருக்கடி வந்தால் இழுத்தடிக்காமல் ஓஓஎம் கில்லரை (ரேம் தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் விடுவிப்பது) கூப்பிட்டுவிடும். போன வாரம் கம்பைலின் கடைசிக் கட்டமான லிங்கிங் நேரத்தில் இரண்டு நொடி திக்கியது, ஒரு டேப் செத்தது, நான் பாட்டுக்கு டைப் செய்துகொண்டிருந்தேன். அதே வேலைக்கு முன்பு ரீபூட்தான். 3000 வரை ஏற்றிப் பார்த்தேன், தேவையில்லாமல் சீக்கிரமே கொல்ல ஆரம்பித்தது, திரும்ப இறக்கிவிட்டேன்.

குறை என்றால், இவ்வளவு நல்ல செட்டிங்கின் டீஃபால்ட் 0, அதாவது ஆஃப். ரீபூட் செய்தால் மறுபடி 0 ஆகிவிடும், பூட் ஆகும்போதே எழுதும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே இசட்ரேமும் (ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) போட்டு, ஸ்வாப்பினெஸ்ஸை (கர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப் செய்யலாம் என்ற எண்) 60-இலிருந்து 150 ஆக்கியிருக்கிறேன் (5.8 கர்னலிலிருந்து 200 வரை போகலாம்), அதன் பங்கும் இதில் இருக்கும், மறுக்கவில்லை.

ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது, சேவ் செய்யாத ஃபைலோடு ஒருமுறை ஓஓஎம் கில்லர் என் எடிட்டரையே போட்டுத்தள்ளியதற்கு. எடிட்டரின் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜை (கொல்லப்படும் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கும் எண்) -500 ஆக்கிய பிறகு இதுவரை அதைத் தொடவில்லை.