சாந்திவனம் ஆசிரமம்: தங்கிப் பார்க்கலாமா?

குளித்தலை பக்கம் தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையோரம் இருக்கிற கத்தோலிக்க ஆசிரமம் இது. 1950-ல் மோன்ஷானின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கினார்கள். 1968-ல் வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் வெளிநாடுகளிலும் பெயர் பரவியது.

தினமும் மூன்று வேளை பொது ஜெபம். விவிலியத்தோடு உபநிடதமும் வாசிப்பார்கள், பஜனை பாடுவார்கள், ஆரத்தியும் உண்டு. கைதட்டி அல்லேலூயா போடும் கூட்டங்களிலேயே வளர்ந்த எனக்கு முதலில் ‘என்னடா இது’ என்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டங்களில் பொங்குகிற சந்தோஷம் திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் வடிந்துவிடுகிறது, இங்கே காலையும் மாலையும் ஆற்றைப் பார்த்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பதில் வருவது அப்படி இல்லை, சத்தமே போடாமல் கூடவே வீட்டுக்கு வருகிறது. சிறையில் இருந்துகொண்டு அப்போஸ்தலர் பவுல் எப்படி ‘எப்போதும் மகிழுங்கள்’ என்று பிலிப்பி ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார் என்பது கொஞ்சம் பிடிபட்டது.

சாப்பாடு எளிமையான சைவம், தரையில் உட்கார்ந்துதான். ஏசி, டிவி தேடுபவர்கள் வேறு இடம் பாருங்கள். மற்றவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், ஒரு வார இறுதி மட்டும் என்றால் போதாது.