புதிதாகப் பாலிஷ் போட்டு நிற்கும் பழைய அலமாரியை நம்பி வாங்காதீர்கள்

பழைய மரச்சாமான்களை வாங்கி, வீட்டிலேயே தேய்த்துப் பாலிஷ் போட்டுப் புழங்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக நானும் அதைச் செய்து வருகிறேன். இரண்டு நாற்காலிகள், ஓர் ஊஞ்சல் பலகை, என் மாமனார் பயன்படுத்திய எழுத்து மேசை ஆகியவற்றை நானே புதுப்பித்திருக்கிறேன். அப்படியிருந்தும் கடந்த பங்குனி மாதம் மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் ஓர் அலமாரிக்கு 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அதே கடையில் அதேபோல் இன்னும் மூன்று அலமாரிகள் நிற்பதைப் பார்த்ததால் சும்மா இருக்க முடியவில்லை.

கடைக்காரர் அதைச் செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து வந்த பர்மா தேக்கு அலமாரி என்றார். நம்பக்கூடிய பேச்சுதான். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து தேக்கைக் கொண்டுவந்து வீடு கட்டியதும், அந்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் இன்று காரைக்குடியில் பழம்பொருளாக விற்கப்படுவதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். “அக்கா, ஒரு பக்கம் தூக்கிப் பாருங்க, கனத்திலயே தெரியும்” என்றார். தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. தேக்கு அப்படியொன்றும் மிகக் கனமான மரம் அன்று, கருவேலம் அதைவிடக் கனம் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பார்த்தேன். ரேகை ஓடிய நல்ல தேக்கு. அதோடு திருப்தி அடைந்தது என் பிழை. கதவு மட்டும்தான் தேக்கு என்பது பிறகே தெரிந்தது.

பாலிஷ் பளபளப்பு கண்ணை உறுத்தியதால், அதை எடுத்துவிட்டு மெல்லிய அரக்குப் பாலிஷ் போட நினைத்தேன். ஐப்பசி ஈரத்தில் அரக்குப் பாலிஷ் வெளுத்துப் போகும் என்பதால் சித்திரை வெயிலில் வேலையைத் தொடங்கினேன். 120 எண் உப்புத்தாளால் பக்கப் பலகையின் மூலையைப் பத்து நிமிடம் தேய்த்திருப்பேன். பழுப்பு நிறம் மறைந்து, திட்டாக ஒரு வெளிறிய பரப்பு எட்டிப் பார்த்தது. அதன் ஓரத்தை நகத்தால் நெருடியபோது தேக்கு தோல்போல உரிந்து வந்தது. அது அரை மில்லிமீட்டர் கனமுள்ள வினீர், அதாவது மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு; அதற்கு அடியில் இருந்தது பிளைவுட். முகப்பில் தெரிந்துவிடாமல் இருக்க, விளிம்பு முழுவதும் தேக்குப் பீடிங் (ஒடுங்கிய மரப்பட்டி) ஒட்டி ஆணி அடித்திருந்தார்கள்.

அதன்பின் தட்டுகளையும் இழுப்பறையையும் சோதித்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் உள்பக்கத்தைத் துடைத்ததும் பஞ்சு செங்காவி நிறமாகியது. அரக்குப் பாலிஷுக்கே ஒரு பழுப்பு நிறம் உண்டு, ஆகவே பஞ்சில் நிறம் ஏறுவதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லக் கூடாது. அடியில் தெரியும் மரத்தைத்தான் பார்க்க வேண்டும். தேக்கின் வைரமாக, அதாவது முற்றிய உள்மரமாக, இருந்தால் நிறம் போன பிறகும் பொன்பழுப்பாக நிற்கும். எனக்குத் தெரிந்ததோ ரேகையே இல்லாத வெளிறிய மரம். அங்கங்கே மரத்தூள் கலந்த மக்கு வைத்து அடைத்த புள்ளிகளும் இருந்தன. அவை ஆணித் துளைகள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அலமாரிக்கு அடியில் கோதுமை மாவைப்போல நைசான தூள் கொட்டிக் கிடந்தது. பெருக்கித் தள்ளினேன், அடுத்த நாளும் கொட்டியது. எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்யும் ஆசாரியை அழைத்துக் காட்டினேன். அவர் விரலால் தூளை நசுக்கிப் பார்த்துவிட்டு, “தாயி, இது வண்டு. உளுத்த மாம்பலகைக்கு மக்கு வச்சு நெறம் ஏத்திருக்கான்” என்றார். கரையானாக இருந்தால் மண் பூச்சு இருக்கும் அல்லது மணிமணியாக எச்சம் விழும் என்றும், மாவாகக் கொட்டினால் வண்டுதான் என்றும் அவர் விளக்கினார். மாமரம், ரப்பர் மரம் போன்றவற்றில் உள்ள மாவுச்சத்தைத் தின்று வளரும் இந்த வண்டு பொதுவாகத் தேக்கின் வைரத்தை நாடுவதில்லை. தட்டில் அந்தத் துளைகள் இருந்ததே அது தேக்கு அல்ல என்பதற்குச் சான்றாகிவிட்டது. எனக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு பணம்கூட அன்று; அருகில் சாய்த்து வைத்திருந்த என் இரண்டு மாம்பலகைகளிலும் புதிய துளைகள் தெரிகின்றன. கதவுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று.

கடைக்குத் திரும்பிச் சென்றபோது, “தேக்கு அலமாரின்னா கதவு தேக்குன்னு அர்த்தம், எல்லாரும் அப்படித்தான் விப்பாங்க” என்றார். உப்புத்தாள் போட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றும் சொன்னார். என் கையிலிருந்த துண்டுச் சீட்டில் “அலமாரி 1” என்பதும் தொகையும் மட்டுமே இருந்தன. மரத்தின் பெயர் இல்லை, கடை முத்திரையும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. மனுவைத் தயாரித்து வருகிறேன். ஆயினும் கடைக்காரர் வாயால் சொன்னதை நிரூபிக்க என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லாததுதான் அதன் பலவீனம்.

ஆகவே பழைய சாமானைப் பழைய நிறத்தோடும் அழுக்கோடும் நிற்கும் நிலையிலேயே வாங்குங்கள். அந்த அழுக்கை எடுப்பது நமக்கு இரண்டு நாள் வேலைதான். பாலிஷ் புதிதாக இருந்தால், பாலிஷ் எட்டாத இடங்களைப் பாருங்கள். இழுப்பறையை முழுவதும் உருவி அதன் பின்பக்கத்தையும், கால்களின் அடியையும், தட்டின் அறுபட்ட முனையையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முழுமரமாக இருந்தால் மேலே ஓடும் ரேகை முனையில் மடங்கித் தொடரும். வினீராக இருந்தால் விளிம்போடு நின்றுவிடும், அல்லது பீடிங் அந்த இடத்தை மறைத்திருக்கும். பீடிங் இருக்கும் இடத்தில் சந்தேகப்படுங்கள். ஒரு சிறிய பஞ்சும் ஸ்பிரிட்டும் கையோடு கொண்டுபோய், மறைவான ஓர் இடத்தில் துடைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். தட்டைக் கையால் நான்கு முறை தட்டி, கீழே விரித்த கறுப்புத் துணியில் மாவு விழுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

சென்ற வாரம் வேறொரு கடையில் ஒரு முக்காலி விலை பேசினேன். 2,200 ரூபாய்க்குப் பேசி முடித்தபின், ரசீதில் “முழுத் தேக்கு, வினீர் இல்லை” என்று எழுதித் தரும்படி கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “கால் மட்டும் தேக்கு, மேல்பலகை வேங்கை” என்று எழுதி, 400 ரூபாய் குறைத்துக்கொண்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த முக்காலியை வாங்கிக்கொண்டேன்.