ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவ் வரை: பினாங்கில் ஒரு மலைச் சைக்கிள் வாடகைச் சேவை

கோலாலம்பூரிலிருந்து வார இறுதியில் வடக்கே போகிறவர்கள், பினாங்கில் காட்டுக்குள் சைக்கிள் ஓட்ட விரும்பினால், ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் இயங்கும் இந்தச் சேவையைத் தயக்கமின்றி நாடலாம். வண்டிகள் சற்றுப் பழையவை. கட்டணமும் குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் ஓட்டுபவரின் உடல்வாகுக்கும் அன்றைய மண்ணின் நிலைக்கும் ஏற்பச் சவாரியை மாற்றியமைக்கும் அக்கறை இவர்களிடம் இருக்கிறது. சில குறைகளும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒற்றையடிப் பாதையில் மலைச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் கோலாலம்பூரின் புக்கிட் கியாராதான். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த அந்தக் குன்றில், தன்னார்வலர்கள் சைக்கிளுக்கென்றே பாதைகளை வெட்டியிருக்கிறார்கள். அவை சரிவைச் சுற்றி வளைந்து ஏறும். வேகம் குறைய வேண்டிய இடத்தைத் திருப்பமே நமக்குச் சொல்லிவிடும். பினாங்கு மலையின் பழைய பாதைகள் அப்படி உருவானவை அல்ல. காய்கறியையும் பழங்களையும் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்கிய விவசாயிகளின் கால் பட்டுப் பட்டே அவை பாதையாயின. சுமையோடு நடப்பவர் சுற்றிப்போக விரும்பமாட்டார் என்பதால், அந்தப் பாதைகள் நேராக ஏறி நேராக இறங்குகின்றன. ஏற்றத்தில் சின்ன கியர் இல்லாமல் மூச்சு வாங்கும். இறக்கத்தில் பிரேக்கை நம்பித்தான் உயிர். கியாராவில் தேறியவர்கள்கூட இங்கே முதல் இறக்கத்தில் திகைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். வாடகைக்கு எடுக்கும் வண்டியின் தரத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசவேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

சொந்த வண்டியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு பட்டர்வொர்த் வரை ரயிலில் போய், பிறகு படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுசேர்ப்பது இரண்டு நாள் விடுமுறைக்குப் பெரிய பாடு. ஆகவே நானும் மைத்துனரும் அக்கா மகளும் மூன்று வண்டிகளை முன்பதிவு செய்துகொண்டு வெறுங்கையோடு போனோம்.

முன்பதிவின்போதே ஒவ்வொருவரின் உயரமும் எடையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த எண்களை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கடையில் நேரில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஃபோர்க்கின் குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். மெக்கானிக் அதைக் கீழே தள்ளிவிட்டு, முதுகுப்பை, தண்ணீர் எல்லாவற்றோடும் என்னை வண்டியில் ஏறி நிற்கச் சொன்னார். மெதுவாக இறங்கியதும் அந்த வளையம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து பார்த்தார். மொத்த அசைவில் கால் பங்கு அளவு அமிழ்ந்தால் சரி என்பது அவர் கணக்கு. எனக்கு அதைவிட அதிகம் அமிழ்ந்ததால், ஃபோர்க்கில் காற்றைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி நிற்கச் சொன்னார். எடை குறைந்த அக்கா மகளுக்கோ காற்றை இறக்கவேண்டியிருந்தது. இல்லையென்றால் ஃபோர்க் இறுகி நின்று, ஒவ்வொரு வேரின் அடியையும் அவள் மணிக்கட்டுக்கே அனுப்பியிருக்கும். டயருக்கும் அதே கவனம்தான். ட்யூப் இல்லாத 2.4 அங்குல டயர்களில் எனக்கு 24 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், அவளுக்கு அதைவிடக் குறைவு. வாடகைக் கடைகளில் பஞ்சருக்குப் பயந்து டயரைக் கல்லாக்கி அனுப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஈர வேரின்மேல் கல்லான டயர் நிற்காது. சற்றுத் தளர்ந்த டயர்தான் வேரின் வடிவத்துக்கு மடங்கிப் பிடித்துக்கொள்ளும்.

வண்டிகள் அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் (குலுக்கலை வாங்கும் அமைப்பு) உள்ளவை. கூடுதல் கட்டணத்துக்குப் பின்பக்க சஸ்பென்ஷனும் உள்ள வண்டி கிடைக்கும். மைத்துனர் அதை எடுத்தார். இறக்கத்தில் அவருக்கு அது உதவியது, ஏற்றத்தில் அதன் எடை தெரிந்தது. எல்லா வண்டிகளிலும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு 51 பற்கள் இருந்ததால், செங்குத்தான இடத்திலும் இறங்கித் தள்ளாமல் உட்கார்ந்தே மிதிக்க முடிந்தது. கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் தாழ்ந்துகொள்ளும் சீட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. இந்த மலையில் அதை ஆடம்பரமாகக் கருதக்கூடாது. சீட் உயரத்திலேயே இருந்தால் உடலைப் பின்னுக்கு நகர்த்த இடமில்லாமல், இறக்கத்தில் ஆள் முன்பக்கமாகத் தூக்கியெறியப்படுவார்.

முந்தைய இரவு நல்ல மழை. காலையில் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு அருகே கூடியபோது, வழிகாட்டியாக வந்த பினாங்குத் தமிழ் இளைஞர் முதலில் தனியாகப் பாதைக்குள் நடந்து போனார். காலணிக் குதிகாலை மண்ணில் அழுத்தி, அந்தக் குழியில் நீர் ஊறுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். "அண்ணே, மேல் இறக்கம் இன்னிக்கு வேண்டாம். மண்ணு பிடிக்காது. சுத்துவழியா போயிடலாம், தூரம் கொஞ்சம் கூடும், ஆனா நல்லா ஓட்டலாம்" என்றார். நாங்கள் ஆசையோடு கேட்டிருந்த பகுதி அந்த மேல் இறக்கம்தான். ஆனாலும் அவர் முடிவு சரியானது. பினாங்குத் தீவு கருங்கல் தீவு. அந்தக் கல் காலப்போக்கில் சிதைந்து உண்டான மண்ணில், மணல் கலந்த இடங்களில் மழைநீர் சீக்கிரம் வடிந்துவிடும். களி மிகுந்து, மேலே இலைச்சருகு மூடிய இடங்களில் ஈரம் தங்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அவர் இன்னொரு காரணமும் சொன்னார். ஈரக் களியில் சக்கரம் பதிந்தால் பள்ளம் விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தையே வாய்க்காலாக்கி ஓடி, பாதையை அறுத்துவிடும். அதே பாதையில்தான் மேலே உள்ள தோட்டக்காரர்கள் தினமும் நடக்கிறார்கள். அவர்கள் பொறுமையைச் சோதித்தால் நாளைக்குச் சைக்கிள்காரர்களுக்கு வழியே கிடையாது. கொடிமலை என்றும் அழைக்கப்படும் பினாங்கு மலையும் அதைச் சுற்றிய காடும் கடலுமாக 12,481 ஹெக்டேர் பரப்பு 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமைக்குப் பொருள் இருக்கவேண்டுமானால், ஈரநாளில் ஒரு இறக்கத்தைக் கைவிடும் வழிகாட்டிகள் பலர் வேண்டும். வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் கொடுத்துப் பணம் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை.

சுற்றுவழி ஏமாற்றவில்லை. தொடக்கத்தில் அணைக்கு மேலே உள்ள காய்கறித் தோட்டங்களின் ஓரமாக ஒடுங்கிய சிமெண்டுப் பாதை ஏறுகிறது. அதில் மோட்டார் சைக்கிள்கள் எதிரே வரும் என்பதால் இடப்பக்கம் ஒதுங்கியே ஓட்டவேண்டும். தோட்டங்கள் முடிந்து காடு மூடியதும் வெயில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதன்பின் பாதை சைக்கிள் கைப்பிடியின் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக, கருங்கல் பாறைகளுக்கு நடுவே நெளிந்து போகிறது. பாறைகளைச் சுற்றி வேர்கள் இறங்கிப் பாதையின் குறுக்கே படிபோல் கிடக்கின்றன. அப்படி ஒரு வேர்ப்படியின் முன் அக்கா மகள் இரண்டு முறை பிரேக் போட்டு நின்றுவிட்டாள். வழிகாட்டி தம் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, படிக்குக் கீழே போய் நின்றுகொண்டார். "தங்கச்சி, வேரைப் பார்க்காதீங்க, என் கால பாருங்க. வேர் மேல ஏறுறப்ப பிரேக்க விட்டுடுங்க" என்றார். வேரின்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். நேர்குறுக்காக ஏறி, உருளவிட்டால் வண்டி தானே கடந்துவிடும். அவள் மூன்றாம் முறை இறங்கினாள். அதன்பின் அன்று எந்த வேரிலும் நிற்கவில்லை. உரத்த குரலில் கட்டளையிடாமல், எந்த இடத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லித்தரும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

உயரே கண்களைச் சுற்றி வெண்வளையம் உள்ள இலைக்குரங்குகள் கிளைக்குக் கிளை தாவுவதைப் பார்த்தோம். ஓய்வுக்கு நிற்கும் இடங்களில் அட்டை ஏறும். நீளமான காலுறை போட்டுக்கொள்வது நல்லது.

இனிக் குறைகள். மைத்துனரின் வண்டியில் பின்பிரேக் பாதி வழியிலேயே அலறத் தொடங்கியது. வழிகாட்டி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பிரேக் பேட் தேய்ந்து உலோகத்தை நெருங்கியிருந்தது. மாற்றுப் பேட் அவர் பையில் இருந்ததால் சிறிது நேரத்தில் மாற்றிவிட்டார், அது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தப் பேட் கடையிலேயே கண்ணில் பட்டிருக்கவேண்டும். பேட்டின் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடவேண்டும் என்பது சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனமே சொல்லும் அளவு. பிசின் வகைப் பேட்கள் மணலும் ஈரமும் கலந்த நீண்ட இறக்கத்தில் மிக விரைவாகத் தேயும் என்பதால், இந்த மலைக்கு உலோகத்தூள் கலந்த பேட்களே ஏற்றவை. சத்தம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சஸ்பென்ஷனுக்கு அவ்வளவு நேரம் செலவிடும் கடை, சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பேட்டைப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்கலாம். உயிர் தொடர்பான பொருள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிறிய அளவுச் சைக்கிள் சட்டங்கள் (ஃபிரேம்) அவர்களிடம் போதுமான எண்ணிக்கையில் இல்லை. ஐந்தடிக்குச் சற்றே மேலுள்ள அக்கா மகளுக்கு நடுத்தர அளவு வண்டியில் சீட்டை முன்னுக்கு நகர்த்திச் சமாளித்தார்கள். கால் எட்டியது என்றாலும், கை நீண்டு போனதால் மாலையில் அவளுக்குத் தோள்பட்டை வலித்தது. பெண்களும் பிள்ளைகளும் பெருமளவில் வரத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில் இது சின்னக் குறை அன்று. தலைக்கவசம் கட்டணத்தில் அடங்கியது, சுத்தமாகவும் இருந்தது. முழங்கால் காப்புக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். இப்படிப்பட்ட பாதைக்கு அதையும் சேர்த்தே கொடுப்பதுதான் முறை. பொறுப்புத் துறப்புப் படிவத்தைப் புறப்படும் வேளையில் நீட்டியதும் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாளே அனுப்பிவைத்தால் நிதானமாகப் படித்துக் கையெழுத்திடலாம்.

மலைமுதுகைக் கடந்து மேற்கே இறங்கும் பகுதி, பாலிக் பூலாவ் பக்கத்து ஜாதிக்காய், டுரியான் தோட்டங்களை ஒட்டி வருகிறது. டுரியான் பருவத்தில் மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள்; பழம் விழும் ஆபத்தும் உண்டு. அந்த மாதங்களில் இப்பகுதியைத் தவிர்த்து வேறு வழியாக இறக்குவதாகச் சொன்னார்கள், அது நியாயமே. கீழே சேவையின் வேன் சொன்ன நேரத்துக்கு வந்து காத்திருந்தது. பாலிக் பூலாவில் லக்சாவும் குளிர்ந்த ஜாதிக்காய்ச் சாறும் கிடைக்கும். அதற்கென்று அரைமணி நேரம் நிறுத்தினார்கள்.

முதன்முதலாக மலைச் சைக்கிளில் ஏறுபவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்கள் கியாராவின் எளிய பாதைகளில் சில வாரங்கள் பழகிவிட்டுப் போகட்டும். தார்ச்சாலையில் ஏறிப் பழகியவர்கள், தாவரவியல் தோட்டத்திலிருந்து மலையுச்சிக்குப் போகும் சுமார் 5 கிலோமீட்டர் ஜீப் சாலையை ஏறியிருந்தாலும், கால் பலம் மட்டும் இங்கே போதாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை மிகுதி; ஜனவரி, பிப்ரவரியில் மண் காய்ந்து பாதை நல்ல நிலையில் இருக்கும், ஆனால் தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைப் பக்கம் சாலைகள் அடைபடுவதால் கடைக்குப் போய்ச் சேரவே நேரமாகும். முன்பதிவு செய்யும்போது சைக்கிள் சட்டத்தின் அளவை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக் பேட் எந்த வகை, எப்போது மாற்றியது என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் சக்கரத்தைக் கழற்றிக் காட்டுவார்கள்.