டாப் வேரியண்டா, நடு வேரியண்ட்டை வாங்கி நாமே மாற்றுவதா?

வேரியண்ட் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், டிரக்குக்குக் கீழே படுத்துப் பார்த்து முடிவெடுங்கள். ஆஃப்-ரோடு போக டிரக் வாங்கப் போகிறேன் என்று சொல்கிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நடு வேரியண்ட்டை வாங்கி மீதிக் காசில் நமக்கு வேண்டியதை மாட்டிக்கொள்வதா, எல்லாவற்றையும் கம்பெனியே போட்டுத் தருகிற டாப் வேரியண்ட்டை வாங்குவதா என்ற சண்டை வருடக்கணக்காக நடக்கிறது. இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். விலை வித்தியாசம் இவ்வளவு, டயர் இவ்வளவு, ஷாக் இவ்வளவு, கழித்தால் லாபம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் நானும் ஒரு தடவை நஷ்டப்பட்டேன்.

நான் பார்க்கிற விதம் வேறு. டாப் வேரியண்ட்டில் கூடுதலாகக் கிடைப்பவற்றை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று, ஸ்பேனர் வைத்துக் கழற்றி மாட்டக்கூடியவை: டயர், வீல், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், பம்பர், அடிப்பாகத்தைக் காக்கிற ஸ்கிட் பிளேட், விளக்கு. இரண்டாவது, இரும்புக் கூட்டுக்குள் இருப்பவை: டிஃபரன்ஷியல் லாக்கர், ஆக்சில் கியர் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அதை ஓட்டுகிற தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு), விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்). முதல் வகையை எப்போது வேண்டுமானாலும் நாமே செய்துகொள்ளலாம், பல நேரம் கம்பெனியைவிட நன்றாகவே செய்யலாம். இரண்டாவது வகையைக் கம்பெனியிடமிருந்து வாங்கிவிடுவதுதான் நல்லது. அதற்காக ஒரு படி மேலே போக வேண்டியிருந்தால் போய்விடுங்கள்.

முதலில் லாக்கர். சாதாரண டிஃபரன்ஷியல் திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி விடுகிறது. தார்ச்சாலையில் அது அவசியம். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் சும்மா சுழலும், தரையைப் பிடித்திருக்கிற சக்கரம் அசையாமல் நிற்கும். லாக்கர் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். இப்போது வருகிற டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுழலுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை மறு பக்கம் அனுப்பி, கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யப் பார்க்கிறது. நிறைய இடங்களில் போதும், ஆனால் அது வேலை செய்ய முதலில் சக்கரம் கொஞ்சம் சுழல வேண்டும். நீளமான ஏற்றத்தில் பிரேக்கும் சூடாகும்.

லாக்கரை வெளியே வாங்கிப் போட முடியும். காற்றில் இயங்குவது, மின்சாரத்தில் இயங்குவது என்று நல்ல பொருள்கள் கிடைக்கின்றன. பிரச்சினை பொருத்துவதில் இருக்கிறது. டிஃபரன்ஷியலைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரமான ரிங் கியருக்கும் அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியை, அதாவது பேக்லாஷை, திரும்ப அமைக்க வேண்டும். பல ஆக்சில்களில் அது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரைதான். மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, பல்லில் சாயம் தடவி, எங்கே படிகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. பொறுமையும் பழக்கமும் உள்ள கை வேண்டும்.

என் டிரக்கில் பின் லாக்கர் வெளியேதான் போட்டேன். வேறு வண்டிகளுக்கெல்லாம் நன்றாக வேலை செய்கிற பட்டறை என்று நம்பிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ஊளைச் சத்தம். கியர் பழகிவிட்டால் போய்விடும் என்றார்கள். போகவில்லை. மூன்று மாதம் கழித்து ஆயிலை இறக்கினால் வெள்ளி கலந்த மாதிரி இரும்புப் பொடி மின்னியது. ரிங் கியர், பினியன், பேரிங் எல்லாம் புதிதாக வாங்கி, இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி செய்தேன். அந்த இரண்டாவது பில்லைக் கூட்டினால் லாக்கரோடு வந்த அடுத்த வேரியண்ட்டின் விலையைத் தாண்டிவிட்டது. அதைவிட, ஒரு பருவம் முழுக்க டிரக் பட்டறையில் கிடந்தது எனக்கு அதிக வருத்தம். சரியாகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கியர் சரியாக அமைந்ததா என்று வெளியே இருந்து பார்த்து உங்களால் சொல்ல முடியாது. ஷாக் தவறாக மாட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும், இது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

அப்புறம் கியர் ரேஷியோ. இதற்கு ஜீப் கிளாடியேட்டர் நல்ல உதாரணம், ஏனென்றால் இதன் அடிப்படை வேரியண்ட்டான ஸ்போர்ட்டுக்கும் ஆஃப்-ரோடு வேரியண்ட்டான ரூபிகானுக்கும் இருக்கிற வித்தியாசத்தில் பாதி கண்ணுக்கே தெரியாது. பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் முதல் கியர் 4.71. ஸ்போர்ட்டில் ஆக்சில் ரேஷியோ 3.73, லோ ரேஞ்ச் 2.72. ரூபிகானில் ஆக்சில் 4.10, லோ ரேஞ்ச் 4.0. மூன்றையும் பெருக்கினால் ஸ்போர்ட்டுக்கு ஏறத்தாழ 48, ரூபிகானுக்கு 77. பாறை மேல் ஒவ்வொரு அங்குலமாக ஊர்ந்து போகும்போது இந்த எண்தான் பேசும். எண் பெரிதாக இருந்தால் இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் கொஞ்சமாகத்தான் நகரும், இறக்கத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கலாம், ஏற்றத்தில் வேகம் எடுத்து மோதாமல் நிதானமாக ஏறலாம். ரூபிகானில் முன்னும் பின்னும் லாக்கர், வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கிற முன் ஸ்வே பாரை ஒரு பட்டனில் விடுவிக்கிற வசதி, 33 அங்குல டயர் எல்லாம் சேர்ந்து வருகின்றன. இதை ஸ்போர்ட்டில் நாமே உருவாக்க நினைத்தால் இரண்டு ஆக்சிலையும் திறக்க வேண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும். ஆக்சில் ரேஷியோவை மாற்றும்போது முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் 4 வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆகவே செலவு எப்போதும் இரட்டிப்பு. பாறை ஏறுவதுதான் உங்கள் ஆசை என்றால் இங்கே யோசிக்கவே வேண்டாம், ரூபிகானையே வாங்குங்கள்.

சரி, டயர் மட்டும் பெரிதாகப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். அதுவும் கியர் ரேஷியோ கதைதான். ஸ்போர்ட்டில் வருகிற 245/75ஆர்17 டயரின் உயரம் ஏறத்தாழ 31.5 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 35 போட்டால் சக்கரச் சுற்றளவு 11 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டரைத் திருத்தாவிட்டால் அது 100 காட்டும்போது நீங்கள் 111ல் போய்க்கொண்டிருப்பீர்கள். 3.73 ரேஷியோ நடைமுறையில் 3.36 மாதிரி ஆகிவிடும், பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 4.1க்கு மேல் போக வேண்டும். பெரிய டயர் கனமும் கூட, பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், எரிபொருள் அதிகம் குடிக்கும், ஸ்டெப்னி பழைய இடத்தில் உட்காருமா என்றும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த பலரும் டயரில் ஆரம்பித்து, அதற்காக வண்டியை உயர்த்துகிற லிஃப்ட், அதற்காக அலைன்மென்ட், அப்புறம் கியர் என்று ஒன்றன் பின் ஒன்றாக இழுக்கப்பட்டவர்கள்தான். முன் சஸ்பென்ஷன் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசைகிற இன்டிபென்டன்ட் வகையாக இருந்தால் லிஃப்ட் போட்டதும் ஆக்சில் ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுற்றுகிறது, ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். ஓர் அங்குலம், இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம் சிரமப்படாமல் ஓட்டுகிறார்கள்.

இப்போது மறு பக்கம். டாப் வேரியண்ட் என்று சொல்லி வெளியே தொங்குகிற பொருள்களுக்கே பெரிய விலை வாங்குகிற டிரக்குகளும் உண்டு. 2016 முதல் 2023 வரை வந்த டொயோட்டா டகோமாவில் டிஆர்டி ஆஃப்-ரோடு, டிஆர்டி ப்ரோ என்று இரண்டு வேரியண்ட் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் அதே 3.5 லிட்டர் வி6, இரண்டிலும் பின்னால் மின் லாக்கர், டயர் அளவுகூட ஒன்றுதான், 265/70ஆர்16. 2017 முதல் ப்ரோவில் கூடுதலாக வந்தவற்றில் முக்கியமானது ஃபாக்ஸ் 2.5 அங்குல இன்டர்னல் பைபாஸ் ஷாக், முன்னால் ஓர் அங்குல உயரம், நல்ல ஸ்கிட் பிளேட், வீல், விளக்கு. ஆஃப்-ரோடு வேரியண்ட்டில் பில்ஸ்டீன் ஷாக். அந்த ஃபாக்ஸ் ஷாக் அருமையானது, குண்டும் குழியுமான மண் பாதையில் வேகமாகப் போகும்போது வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். ஆனால் அந்த ஷாக்கை அல்லது அதற்கு ஈடானதை ஒரு நாளில் மாட்டிவிடலாம், எந்தக் கியரையும் திறக்க வேண்டாம். இங்கே நான் தயங்காமல் ஆஃப்-ரோடு வேரியண்ட்டைத்தான் எடுப்பேன். உள்ளே இருக்க வேண்டியது அதில் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் ஒரு படி கீழே, லாக்கர் இல்லாத எஸ்ஆர்5க்கு இறங்கிக் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் நான் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷாக் விஷயத்தில் நாமே போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கம்பெனி ஷாக், கம்பெனியிலிருந்து வெளிவருகிற எடைக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. நீங்கள் இரும்பு பம்பர், வின்ச், பின்னால் பெட்டி, கூடாரம் என்று ஏற்றிய பிறகு அந்த அளவு பொருந்தாது. டாப் வேரியண்ட்டில் விலை கொடுத்து வாங்கிய ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேறு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் சுமையை முடிவு செய்யுங்கள், ஆறு மாதம் ஓட்டுங்கள், அதற்கப்புறம் அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் ஷாக்கும் வாங்குங்கள். டயரும் இப்படித்தான், எப்படியும் தேய்ந்து போகிற பொருள். வண்டிக் கடனோடு சேர்த்து வாங்கினால் டயர் தேய்ந்து தூக்கிப் போட்ட பிறகும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்போம். லாக்கருக்கு அப்படி இல்லை, வண்டி ஓடுகிற காலம் முழுக்கக் கூடவே இருக்கும்.

மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது, அதை இந்த இரண்டோடும் ஒப்பிடவே கூடாது. ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் மாதிரி. பார்க்க ரேஞ்சரின் டாப் வேரியண்ட் போல இருக்கும், உண்மையில் அது வேறு வண்டி. மற்ற ரேஞ்சரில் பின்னால் லீஃப் ஸ்பிரிங், ராப்டரில் காயில் ஸ்பிரிங்கும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற வாட்ஸ் லிங்க்கும். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே இடைவெளியும் அகலம். இப்போதைய தலைமுறையில் 3.0 லிட்டர் இரட்டை டர்போ வி6, முன்னும் பின்னும் லாக்கர், சாலைக்கு ஏற்பத் தானே இறுக்கத்தை மாற்றிக்கொள்கிற ஃபாக்ஸ் ஷாக். சாதாரண ரேஞ்சரை வாங்கி இதை உருவாக்க முயற்சி செய்யாதீர்கள், செய்தாலும் அந்த ஒருங்கிணைப்பு வராது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. மற்ற ரேஞ்சர்கள் பல சந்தைகளில் 3,500 கிலோ இழுக்கும், ராப்டர் 2,500 கிலோதான். ஏற்றுகிற சுமையும் குறைவு. டிரெய்லரில் படகு இழுக்கிறவருக்கும், வாரம் முழுக்கப் பின்னால் சரக்கு ஏற்றுகிறவருக்கும் விலை கூடின வண்டி திறன் குறைந்த வண்டியாக ஆகிவிடுகிறது. வாங்கும் முன் சுமை எண்ணைப் பார்க்க மறந்து, பிறகு இழுக்க வேறு வண்டி தேடுவது மிகவும் வேதனையான விஷயம்.

மறு விற்பனை பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. கம்பெனி போட்டதற்கு மதிப்பு கொஞ்சமாவது திரும்ப வரும், நாம் போட்டதற்குப் பெரும்பாலும் வராது. ஆகவே பழைய ஷாக்கையும் வீலையும் விற்றுவிடாமல் எடுத்து வையுங்கள், விற்கும்போது திரும்ப மாட்டிவிட்டு நல்ல பொருள்களைத் தனியாக விற்கலாம். இன்சூரன்ஸில் மாற்றங்களை எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாரண்டி இருக்கும் காலத்தில் டிஃபரன்ஷியலைத் திறக்காதீர்கள்.

போன மாதம் என் மச்சான் இதே கேள்வியோடு வந்தான். அவன் கையில் இரண்டு விலைப்பட்டியல், டாப் வேரியண்ட்டில் தோல் சீட்டும் பெரிய ஸ்பீக்கரும் அவனை இழுத்துக்கொண்டிருந்தன. "எங்கே ஓட்டப்போகிறாய், அதை மட்டும் சொல்" என்றேன். காட்டுப் பாதை, ஆற்று மணல், வருடத்துக்கு இரண்டு தடவை மலை என்றான். "அப்படியென்றால் பின் லாக்கரும் ஒழுங்கான லோ ரேஞ்சும் எந்த வேரியண்ட்டில் ஆரம்பிக்கிறதோ அங்கே நில், அதற்கு மேலே ஒரு காசு வேண்டாம்" என்றேன். "மச்சான், டயர் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே" என்று மனசே இல்லாமல் இழுத்தான். தேயட்டும், அதற்குள் இந்த வண்டி எங்கே திணறுகிறது என்று உனக்கே தெரிந்துவிடும், அப்போது வாங்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். நடு வேரியண்ட்டைத்தான் புக் செய்திருக்கிறான். மிச்சமான காசில் முதலில் வாங்கியது ஒரு நல்ல இழுவைக் கயிறும், டயரில் காற்றைக் குறைத்துவிட்டுத் திரும்ப ஏற்ற ஒரு கம்ப்ரஸரும்.