சுவர் பேனலில் எம்பிஆர்121: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

3 மி.மீ. அக்ரிலிக்குக்குப் பின்னால் எட்டு டச் பேட், அவற்றைப் படிக்க எம்பிஆர்121 என்ற டச் சென்சார் சிப், அதன் பேச்சைக் கேட்க ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர். சமையலறைச் சுவரில் விளக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் இயக்கும் பேனல் இது. மேசைமேல் இந்தச் சிப் எல்லோருக்கும் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆவி, ஈரக்கை, சித்திரை வெயில், இன்வெர்ட்டர் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நம்பி மாட்டலாம், ஆனால் லைப்ரரியின் டிஃபால்ட் மதிப்புகளோடு மாட்டக் கூடாது. தொல்லை வந்தால் பலரும் முதலில் த்ரெஷோல்டைத்தான், அதாவது ரீடிங் எவ்வளவு இறங்கினால் தொட்டதாகக் கொள்வது என்ற எல்லையைத்தான் மாற்றுகிறார்கள். அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம்.

கீழே வரும் ரிஜிஸ்டர் (சிப்புக்குள் ரீடிங்கும் செட்டிங்கும் இருக்கும் இடம்) எண்கள், மதிப்புகள் எல்லாமே பதின்ம எண்கள்.

சிப் ஒவ்வொரு பேடுக்கும் ஒரு நிலையான மின்னோட்டத்தைக் குறித்த நேரம் செலுத்தி, ஏறிய வோல்டேஜை 10 பிட்டில் அளக்கிறது. விரல் வந்தால் கெபாசிட்டன்ஸ் கூடும், வோல்டேஜ் குறையும், ரீடிங் இறங்கும். பேஸ்லைனிலிருந்து, அதாவது யாரும் தொடாதபோது உள்ள அளவிலிருந்து, எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துத்தான் தொட்டதா இல்லையா என்று தீர்மானிக்கிறது. ஆகவே அந்த இறக்கம் எவ்வளவு என்று பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது. ரிஜிஸ்டர் 4 முதல் பேடுக்கு இரண்டு பைட் வீதம் ரீடிங் இருக்கும். 30 முதல் ஒரு பைட் வீதம் பேஸ்லைன். பேஸ்லைனில் மேல் 8 பிட் மட்டுமே இருப்பதால் அதை 4-ஆல் பெருக்கித்தான் ஒப்பிட வேண்டும். இரண்டையும் சீரியல் பிளாட்டரில் (ரீடிங்கைக் கணினித் திரையில் கோடாக வரையும் கருவி) ஓடவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே சின்ன விரலால் லேசாகத் தொடச் சொல்லுங்கள். அந்த இறக்கம், மின்சத்தத்தால் (நாய்ஸ்) ரீடிங்கில் வரும் ஆட்டத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் புரோகிராமை மூடிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டியதுதான்.

ஆட்டத்தை அளக்கும்போது விரலை வைத்துக்கொண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். எர்த் இல்லாத மலிவான இரண்டு முள் அடாப்டரில், யாரும் தொடாதபோது கோடு அமைதியாக இருக்கும். விரல் பட்டதும் துடிக்கும். சர்க்யூட்டின் கிரவுண்டே அடாப்டரின் சத்தத்தோடு மேலும் கீழும் ஆடுகிறது, நம் உடலோ தரையோடு சேர்ந்து நிற்கிறது. அந்த வித்தியாசம்தான் துடிப்பு. மின்வெட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும்போது இது இன்னும் மோசமாகலாம். அதனால் மெயினில் ஒரு தடவை, இன்வெர்ட்டரில் ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது.

ஹார்டுவேரில் அதிகம் கெடுப்பது அக்ரிலிக்குக்கும் பேடுக்கும் நடுவே உள்ள காற்று. அக்ரிலிக்கின் மின்கடத்தா மாறிலி சுமார் 3, காற்றுக்கு 1. அதாவது 0.1 மி.மீ. காற்று 0.3 மி.மீ. அக்ரிலிக்குக்குச் சமம். இழப்பைவிட அந்த இடைவெளி நிலையாக இல்லாததுதான் பெரிய பிரச்சினை. வெயிலில் பலகை வளையும், அழுத்தினால் உள்ளே போகும், ரீடிங்கும் கூடவே நகரும். நாலு மூலையில் சிலிக்கான் வைத்து ஒட்டாமல், பேட் முழுவதும் படும்படி மெல்லிய இருபக்க டேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். பேட் 12 முதல் 15 மி.மீ. விட்டம் போதும். அதன் பின்னால் முழு கிரவுண்டு தகடு வேண்டாம். வலைபோல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பேடிலிருந்து வரும் ஒயரை ரிலே ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒயர் அசைந்தாலே ரீடிங் அசையும், ஆகவே எல்லாவற்றையும் ஒட்டி நிறுத்துங்கள்.

இனி ஆட்டோகான்ஃபிக். ஒவ்வொரு பேடுக்கும் ஏற்ற சார்ஜைச் சிப் தானே தேர்ந்துகொள்ளும் வசதி இது. கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ரிஜிஸ்டர் 125, 126, 127-இல் மேல் எல்லை, கீழ் எல்லை, இலக்கு எழுத வேண்டும். பல உதாரண புரோகிராம்களில் 156, 101, 140 என்று இருக்கும். அவை 1.8 வோல்ட்டுக்கான எண்கள். 3.3 வோல்ட் போர்டில் அப்படியே போட்டாலும் ஓடும், ஆனால் கிடைக்கும் வீச்சில் ஒரு பகுதியை வீணாக்கி உணர்திறனைக் குறைத்துவிடும். சப்ளையிலிருந்து 0.7 கழித்து, சப்ளையால் வகுத்து, 256-ஆல் பெருக்கினால் மேல் எல்லை. அதில் 65 சதவீதம் கீழ் எல்லை, 90 சதவீதம் இலக்கு. 3.3 வோல்ட்டுக்கு 202, 131, 181 வரும். இவற்றையும் மற்ற செட்டிங்குகளையும் சிப் நின்ற நிலையில், அதாவது ரிஜிஸ்டர் 94-இல் 0 எழுதிய பிறகே மாற்ற வேண்டும். எழுதியது பதியவே இல்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சத்தத்தைக் குறைக்க ரிஜிஸ்டர் 92-இல் 144 போடலாம். முதல் ஃபில்டர் 6 சாம்பிளுக்குப் பதில் 18 எடுக்கும். அப்போது ஆட்டோகான்ஃபிக் ரிஜிஸ்டர் 123-இலும் அதே பிட்டுகள் இருக்க வேண்டும், அதாவது 139. ரிஜிஸ்டர் 93-இன் ஆரம்ப மதிப்பான 36-ஐ விட்டுவைத்தால் 16 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக 4 சாம்பிள், ஆக முடிவு வர 64 மில்லிசெகண்ட். அதன்மேல் டிபவுன்ஸ் (ஒரே முடிவு தொடர்ந்து வருகிறதா என்று உறுதிப்படுத்துவது) சேர்த்தால் சுவிட்ச் மந்தமாகத் தோன்றும். 93-இல் 34 போட்டால் 16 மில்லிசெகண்டில் முடியும். டிபவுன்ஸ் ரிஜிஸ்டர் 91-இலும் 34 வைத்தால் தொடுவதற்கும் விடுவதற்கும் தலா 2 உறுதிப்படுத்தல். மொத்தம் சுமார் 50 மில்லிசெகண்ட். கைக்குத் தாமதம் தெரியாது.

பேஸ்லைன் ஃபில்டரில் ஒரு இடம் மட்டும் கவனம் தேவை. கீழ்நோக்கிய வேகத்தைக் கூட்டி வைத்தால், விரல் மெதுவாக நெருங்கும்போது பேஸ்லைனும் கூடவே இறங்கி, தொட்டது பதிவாகாமல் போய்விடும். ரிஜிஸ்டர் 47 முதல் 50 வரை 1, 1, 255, 2 என்று வைத்தால் அது நிதானமாக இறங்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகே த்ரெஷோல்டு. பிரபலமான லைப்ரரியில் எல்லா பேடுக்கும் தொட 12, விட 6 என்று இருக்கும். ஓரத்து பேடும் நடு பேடும் ஒரே மாதிரி இருப்பதில்லை, எனவே ஒவ்வொன்றுக்கும் தனியாக வையுங்கள். அந்த பேடில் கிடைத்த மிகச் சிறிய இறக்கத்தில் பாதி தொடுவதற்கு, அதில் பாதி விடுவதற்கு. 20 இறங்கினால் 10, 5. விடும் மதிப்பு சத்தத்தைவிட மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெடுத்தும் விடாது.

பல மாதம் ஓடிய பிறகு தெரிபவை வேறு. குக்கர் ஆவி படிந்து நீர்ப்படலம் இரண்டு மூன்று பேடுகளை இணைத்துவிடும். மூன்றோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் தொட்டதாக வந்தால் எல்லாவற்றையும் புறக்கணிப்பது நல்ல விதி. ஈரத்துணியால் துடைக்கும்போதும் இதுதான் காப்பாற்றும். தொட்ட நிலையில் பேஸ்லைன் உறைந்து நிற்பதால், சொட்டு நீர் ஒட்டியிருந்தால் அந்த பேட் தொட்டபடியே கிடக்கும். 30 விநாடிக்கு மேல் போனால் 94-இல் 0 எழுதி, மறுபடி 136 எழுதுங்கள். 136 என்பது முதல் எட்டு பேட் மட்டும். பயன்படுத்தாதவற்றை இயக்க வேண்டாம். அப்படி எழுதியதும் பேஸ்லைன் உண்மை ரீடிங்கைவிட அதிகபட்சம் 31 எண் கீழே தொடங்கி மேலேறும், அதனால் சிறிது நேரம் உணர்வு மந்தமாக இருக்கும்.

நன்றாக ஓடிய பேனல் திடீரென்று மொத்தமாகச் செத்ததுபோல் நிற்பது இன்னொன்று. ரிலே இழுக்கும் நொடியில் சப்ளை சற்றே சரிந்து சிப் மட்டும் ரீசெட் ஆகியிருக்கும், கன்ட்ரோலருக்கு அது தெரியாது. ரீசெட்டில் செட்டிங் எல்லாம் அழிந்து 94-இல் 0 நிற்கும். ஓவர்கரன்ட் ஃபிளாக் (மின்னோட்டம் மிஞ்சியதைக் காட்டும் பிட்) விழுந்தாலும் சிப் இதேபோல் 94-இல் 0 என்று நின்றுவிடும். ரிஜிஸ்டர் 1-இன் மேல் பிட்டில் 1 எழுதி அதை அழித்த பிறகே மீண்டும் ஓடும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை 94-ஐப் படித்து, 136 இல்லையென்றால் அந்த ஃபிளாக்கையும் பார்த்துவிட்டு, தொடக்க அமைப்பை முழுதாகத் திரும்ப எழுதும் நாலு வரி புரோகிராம் கட்டாயம் வேண்டும். சிப்பின் சப்ளைப் பின்னுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா, ரிலேக்குத் தனி சப்ளைக் கோடு போகிறதா என்பதையும் பாருங்கள்.